பாய்: ஒரு வினைச்சொல்லின் விரிவு

மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மாணவரைத் தடுமாறச் செய்பவை அருஞ்சொற்கள் அல்ல. அவற்றிற்கு அகராதி இருக்கிறது. நாள்தோறும் நாவில் வழங்கும் எளிய வினைகளே தடுமாறச் செய்கின்றன. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' என்னும் சின்னஞ்சிறு வினைக்கு 400-க்கும் மேற்பட்ட பொருள்வேறுபாடுகளைத் தருகிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்து ஆங்கிலம் பேசுவார் எவருமிலர். பேசுவோர் நாவில் அவை தாமே வந்து அமைகின்றன. மொழிபெயர்ப்பவரைத்தான் திகைக்க வைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், நம் இளங்கலை முதலாண்டு வகுப்பில் 'ஸ்ப்ரெட்' என்னும் ஆங்கில வினை அமைந்த பத்துத் தொடர்களைத் தமிழாக்கத் தந்தோம். ஒரு மாணவர் ரொட்டியின்மேல் வெண்ணெயை 'விரித்திருந்தார்'. மற்றொருவர் காய்ச்சலை ஊரெங்கும் 'படரச்' செய்திருந்தார். வேறொருவர் விடாப்பிடியாகப் பத்துத் தொடர்களிலும் 'பரப்பு' என்றே எழுதியிருந்தார். கரும்பலகையில் எழுதிக் காட்டினோம்: பாயை விரிக்கிறோம், நெல்லைப் பரப்புகிறோம், வெண்ணெயைத் தடவுகிறோம், எருவை வயலில் இறைக்கிறோம், செய்தி பரவுகிறது, அவரைக்கொடி படர்கிறது, கடனைப் பல தவணைகளாகப் பிரிக்கிறோம். ஆங்கிலம் இவை அனைத்திற்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டு, சூழலால் பொருள் உணரச் செய்கிறது. தமிழோ விரிக்கப்படுவது எது, அது எவ்வாறு விரிகிறது என்பதைப் பார்த்தே வினையைத் தேர்ந்தெடுக்கிறது.

'பாயை விரிக்கிறோம்' என்று எழுதியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "அது பாய்க்குத்தான் தெரியும்" என்றது. வகுப்பு சிரித்தது. எல்லாருடைய பார்வையும் ஒரு மாணவர்மேல் சென்றது. அவர் பத்தமடையிலிருந்து வருபவர். அவருடைய தாயார் பாய் நெய்பவர். வகுப்பு முடிந்தபின் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, நம்மவர்களைப் பாய் என்று கூப்பிடுகிறார்களே, நாம் பாய் நெய்வதனாலா?" என்று கேட்டார். கேட்ட குரலில் சிரிப்பு இல்லை. நாமும் அவரைத் தேற்றும் எண்ணத்துடன், "இருக்கலாம் தம்பி, அப்படியானால் அது பெருமைக்குரியதுதானே" என்று கூறி அனுப்பினோம். அவ்விடை பிழையானது. பிழை என்று தெரிந்தபின், அதே வகுப்பில் அதனைத் திருத்திக் கூறினோம். அப்போது சுருக்கமாகக் கூறியதை விரித்து எழுதுவதே இக்கட்டுரை.

முதலில் 'ஸ்ப்ரெட்' என்பதற்கே வருவோம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரு வகையாகப் பகுத்து, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்கிறார். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. மரத்திற்கும் விலங்கிற்கும் பொருளால் உறவில்லை. எழுத்து மட்டுமே ஒன்று. 'ஸ்ப்ரெட்' அத்தகையது அன்று. இருந்த இடத்தினும் மிகுதியான இடத்தைக் கொள்ளுதல் என்னும் ஒரே கரு, வெண்ணெயிலும் வதந்தியிலும் காய்ச்சலிலும் நின்று நிலவுகிறது. எனவே ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று நாம் சொல்லும்போது, அவை ஒரே மரத்தின் கிளைகளா, அருகருகே நிற்கும் வேறு வேறு மரங்களா என்று முதலில் வினவ வேண்டும். பத்தமடை மாணவரின் வினாவுக்கு விடை கூறுமுன் நாம் வினவத் தவறியது இதனைத்தான்.

இங்கே இன்னொன்றையும் கூறிவிடல் வேண்டும். ஆங்கிலத்தில் தானே பரவினாலும் ஒருவர் பரப்பினாலும் வினை 'ஸ்ப்ரெட்' தான். நிகழ்காலமும் இறந்தகாலமும்கூட வடிவில் மாறுவதில்லை. தமிழில் 'வதந்தி பரவியது' என்பதும் 'வதந்தியைப் பரப்பினர்' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் குற்றவாளி இல்லை, பின்னதில் உண்டு. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் தன்வினையா பிறவினையா என்று பாராமல் எழுதிவிட்டால், நடந்தது விபத்தா சதியா என்பதையே அவர் முடிவு செய்தவர் ஆகிறார். நாளிதழ்ப் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் இதனை மனத்திற்கொள்வார்களாக.

தமிழ் பல வினைகளாகப் பிரித்து வைத்திருப்பதைக் கண்டு, இம்மொழியில் பொதுக் கரு இல்லை என்று எண்ணிவிடலாகாது. 'பர' என்னும் அடியை எடுத்துக்கொள்வோம். பரத்தல், பரவுதல், பரப்புதல், பரவல், பரப்பு என்பன எல்லாரும் அறிந்தவை. நிலத்தின் அளவைப் பரப்பு என்கிறோம். கடலுக்குப் பரவை என்று பெயர். தாமிரபரணிப் பாசன வயல்களில் நடவுக்குமுன் சேற்றைச் சமன் செய்யும் பலகைக்குப் பரம்பு என்று பெயர். பரம்படித்த வயல் கண்ணாடிபோல் கிடக்கும் என்பர். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருக்கும் சொற்களையெல்லாம் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடும் ஆர்வம் நம் துறையினர்க்கு எப்போதும் உண்டு. பரம்பரையும் பரமனும் இக்குடும்பத்தினர் அல்லர். அவை வடமொழி வழியாக வந்தவை. நாமும் ஒரு காலத்தில் பரம்பரை என்பது பரவி வருவது என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியவர்களே.

இவ்வடியோடு நெருங்கிய இன்னொரு வடிவம் 'பா', 'பாவு'. இது இன்று பேச்சில் குறைந்து வருகிறது எனினும், நெல்லைச் சீமையில் உயிரோடுதான் இருக்கிறது. நாற்றங்காலில் விதை பாவுகிறார்கள். கோயில் முற்றத்திலும் பழைய பள்ளிவாசலின் வெளித்தளத்திலும் கல் பாவியிருக்கிறது. மகிழ்ச்சியில் திளைப்பவனைப் பார்த்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை என்கிறோம். பெரியோர் நடந்துவரும் வழியில் விரித்த துணிக்கு நடைபாவாடை என்று பெயர். நெசவாளர் தறியில் நீளவாட்டில் விரித்துக் கட்டும் நூல் பாவு. குறுக்கே செல்வது ஊடை. பாவினை வெளியில் நீட்டி விரித்து ஒழுங்கு செய்யும் இடத்திற்குப் பாவடி என்று பெயர்.

இதே 'பா' செய்யுளுக்கும் பெயராக இருப்பது வியப்பளிப்பது. தொல்காப்பியச் செய்யுளியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், பா என்பதற்கு அழகான விளக்கம் தருகிறார். ஒருவன் தொலைவிலிருந்து பாடம் ஓதுகிறான்; எழுத்தும் சொல்லும் நமக்குத் தெளிவாகக் கேட்கவில்லை; எனினும் அவன் ஓதுவது இன்ன செய்யுள் என்று அறிய முடிகிறது; அவ்வாறு அறியச் செய்து பரந்து செல்லும் ஓசையே பா என்பது அவர் கருத்து. இதனைப் படிக்குந்தோறும் நமக்கு வேறொரு நினைவு வரும். தெருக்கோடியில் நிற்கும்போதே, சொல் ஒன்றும் விளங்காத நிலையில், பள்ளிவாசலில் ஓதப்படுவது மவ்லிதா பைத்தா என்று நம் இல்லத்துப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்' என்னும் சொல், நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்மிடம் நூல் என்பது இழையும் ஏடும். பா என்பது இழைவரிசையும் செய்யுளும். மொழிகள் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் நடப்பது உண்டு.

இனி, பாய். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில், சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடையை அறியாதார் இலர். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்பதும் அதற்குரிய சிறப்பு. ஆயினும் ஊரின் பெயரைச் சொன்னால் உடனே உடன் வருவது பாய்தான். புவிசார் குறியீடு பெற்ற அப்பாயை நெய்வோர் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் பெண்கள். மேற்கண்ட மாணவர் அழைத்ததன் பேரில் ஒரு விடுமுறை நாளில், மாணவர் சிலருடன் அங்குச் சென்றோம்.

ஆற்றங்கரைக் கோரையைப் பசுமையாக அறுத்து, நெடுகக் கீறி, வெயிலில் உலர்த்துகிறார்கள். நுண்ணிய பாய்க்கு அது போதாது. உலர்ந்த கோரையைக் கட்டுகளாக்கி ஆற்றில் அமிழ்த்திப் பல நாட்கள் ஊறவிடுகிறார்கள். அதுவும் தேங்கிய நீரில் அன்று, ஓடும் நீரில். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, கத்தியால் இழை இழையாக வகிர்கிறார்கள். அவ்விழையே ஊடை. பாவுக்குப் பருத்தி நூல். உயர்ந்த பாய்க்குப் பட்டு நூலும் உண்டு. தரையோடு தாழ்ந்த தறியில் அமர்ந்து, நீண்ட குச்சியால் ஒவ்வொரு கோரை இழையையும் பாவினூடே செலுத்தி, அச்சினால் அடித்து நெருக்குகிறார்கள். பாவின் நெருக்கத்தைக் கொண்டு 50, 100, 120 எனத் தரம் சொல்லப்படுகிறது. எண் ஏற ஏறப் பாய் துணியின் தன்மையை அடைகிறது. மிக நுண்ணியதைத் துணிபோலவே மடிக்கலாம். பட்டுப்பாய் என்று அதற்குப் பெயர். திருமணப் பாயில் மணமக்களின் பெயர்களையும் எழுத்தாகவே நெய்துவிடுகிறார்கள். அத்தகைய பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அங்கிருந்த மூதாட்டி ஒருவரிடம் நம் மாணவர் ஒருவர், "பெரியம்மா, இதற்கு ஏன் பாய் என்று பெயர்?" என்று கேட்டார். கேள்வியே அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். "விரிச்சாத்தாம் வாப்பா அது பாயி, சுருட்டி மூலையில சாத்துனா வெறுங்கட்டு" என்றார். வேர்ச்சொல் ஆராய்ச்சி நூல்களைப் புரட்டி நாம் அடைய வேண்டிய முடிபு அது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பாய் என்னும் பெயர்ச்சொல்லுக்கு முதற்பொருளாக விரிதலைக் கூறி, அதன்பின்னரே படுக்கும் பாயையும் கப்பற்பாயையும் கூறுகிறது. கப்பலின் பாயும் விரிவதுதான். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில், புகார்த் துறைக்குள் நுழையும் மரக்கலத்தைக் கூறுமிடத்து 'மீப்பாய்' என்னும் சொல் வருதலின், கப்பற்பாயைக் குறிக்கும் வழக்கும் சங்க காலத்ததே. கோரையாலும் ஓலையாலும் முடைந்த பாயையே கப்பலிலும் கட்டியதால் அப்பெயர் வந்ததா, விரிப்பதனால் வந்ததா என்று கேட்பாருண்டு. பெயர் வந்த வழி எதுவாயினும், கரு விரிதலே.

ஆங்கிலத்திலும் படுக்கையின்மேல் இடும் விரிப்பு 'பெட்ஸ்ப்ரெட்'. அரபு மொழியிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. விரித்தலைக் குறிக்கும் 'பஸத' என்னும் வினையிலிருந்து 'பிஸாத்' என்னும் சொல் பிறந்து விரிப்பையும் கம்பளத்தையும் குறிக்கிறது. திருக்குர்ஆனின் 71-ஆம் அத்தியாயமாகிய சூரா நூஹில், பூமி மனிதர்க்கு விரிப்பாக ஆக்கப்பட்டது பற்றிக் கூறுமிடத்தில் வருவது இச்சொல்லே. அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாகிய 'அல்-பாஸித்' என்பதும் இவ்வேரினது. விரித்துக் கொடுப்பவன் என்பது அதன் பொருள். நம் கல்லூரி வருகைப்பதிவேட்டில் அப்துல் பாஸித் என்னும் பெயரை ஆண்டுதோறும் அழைக்கிறோம். அப்பெயரும் நம் கால்கீழ்க் கிடக்கும் விரிப்பும் அரபியில் ஒரே வினையின் மக்கள் என்பதை நினைப்பதில்லை. விரித்தலைக் குறிக்கும் இன்னொரு வினையாகிய 'ஃபரஷ'விலிருந்து படுக்கையைக் குறிக்கும் 'ஃபிராஷ்' வந்தது. ஆனால் எல்லா விரிப்பும் விரித்தலிலிருந்து பெயர் பெறுவதில்லை. விருந்தில் நாம் விரிக்கும் சுப்ராவை எடுத்துக்கொள்க. ஆங்கிலத்தில் பெருவிருந்தையும் 'ஸ்ப்ரெட்' என்பதால், சுப்ராவும் விரித்தலைக் குறிக்குமென எண்ணத் தோன்றும். அதுவோ பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்பதன் உறவு. வழிப்போக்கன் கட்டிச்செல்லும் உணவு என்பதே அதன் பழைய பொருள்.

இதுவரை கூறியது பெயர்ச்சொல்லாகிய பாய். வினைச்சொல்லாகிய பாய் வேறொரு காட்சியைத் தருகிறது. புலி பாய்கிறது. ஆறு பாய்கிறது. அம்பு மார்பில் பாய்கிறது. ஒளி பாய்கிறது, மின்சாரம் பாய்கிறது. மேலதிகாரி நம்மீது பாய்கிறார். நாளிதழ்த் தமிழில் சட்டமும் பாய்கிறது, வழக்குகூடப் பாய்கிறது. பணம் பாதாளம் மட்டும் பாய்வதாகப் பழமொழி. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். குதிரைக்குப் பாய்மா என்பது நிகண்டு தரும் பெயர்; அதன் வேகம் நாலுகால் பாய்ச்சல். பிறவினையாகும்போது பாய்ச்சுதல்: வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம். நீர்ப்பாசனம் என்பதும் பாய்ச்சுதலிலிருந்து வந்தது என்பாருண்டு. அறிவியல் தமிழ் இவ்வினையை நன்கு பயன்படுத்திக்கொண்டது. நீர்மத்தையும் வளிமத்தையும் ஒருங்கே குறிக்கப் பாய்மம் என்றும், காந்தவியலில் காந்தப்பாயம் என்றும் பாடநூல்கள் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் அதற்குரிய 'ஃப்ளக்ஸ்' என்பதும் ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததே. இச்சொற்களை ஆக்கியவர்கள் ஒலிபெயர்த்துத் தப்பித்துக்கொள்ளவில்லை, பாராட்டுக்குரியவர்கள்.

தாவுகிற பாயும் விரிகிற பாயும் ஒன்றா? கன்னடத்தை ஒப்பிட்டால் வினா இன்னும் கூர்மையாகிறது. தமிழின் சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது பொது விதி. பால் 'ஹாலு', பாடு 'ஹாடு'. அம்மொழியில் பாய்தல் 'ஹாயு', விரித்தல் 'ஹாசு', படுக்கை 'ஹாசிகெ'. இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் கப்பற்பாயோ 'ஹாயி' என்று, தாவுகிற வினையின் பக்கம் போய் நிற்கிறது. மலையாளத்தில் படுக்கும் பாயும் கப்பற்பாயும் 'பாய' என்றே வழங்குகின்றன. நீரை நோக்கினால் ஒன்றே எனத் தோன்றுகிறது. மடை திறந்த நீர் தாவி விழுந்து, ஓடி, வயலெங்கும் விரிகிறது. மூன்று செயலும் ஒரே நொடியில் நிகழ்கின்றன. மூன்றிற்கும் பாய்தல் பொருந்துகிறது. புலியை நோக்கினால் விரிதல் இல்லை. நம் கருத்து, நீரே நடுவில் நின்று இருபொருளையும் இணைத்தது என்பது. உறுதியாகக் கூற இயலாதெனினும், மறுப்பவர் வயற்கரையில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு மறுக்கட்டும். இன்று பேச்சில் பாய் என்னும் வினை விரித்தற்பொருளை ஏறத்தாழ இழந்துவிட்டது. ஆகவேதான் பாயைப் 'பாய்த்து' என்று யாரும் கூறுவதில்லை. விரி என்னும் வேறு வினையை உதவிக்கு அழைக்கிறோம். வினை மறந்ததைப் பெயர் காத்து வைத்திருக்கிறது.

இப்போது மாணவரின் வினா. பாய் என்று நம்மவரை அழைப்பது இக்குடும்பத்துச் சொல்லே அன்று. அது உருது, இந்தி மொழிகளில் உடன்பிறந்தானைக் குறிப்பது. வடமொழியின் 'ப்ராதா', பாரசீகத்தின் 'பிராதர்', ஆங்கிலத்தின் 'பிரதர்' ஆகியவை அதன் உறவுகள். 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தன என்னும் கருத்தைப் பரப்பியது. அக்குடும்பத்துச் சொல் இது. தமிழ் அக்குடும்பத்தது அன்று என்பதை 1816-இல் எல்லிசும், 1856-இல் தம் ஒப்பிலக்கண நூல் வாயிலாகக் கால்டுவெல்லும் நிறுவினர். அக்கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி நம் நெல்லைச் சீமையிலேயே இருந்த ஊர். ஆக, கோரைப்பாயும் அழைக்கும் பாயும் இரு வேறு மொழிக்குடும்பங்களிலிருந்து வந்து, தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றே ஆகையால் ஏட்டில் ஒன்றாகிவிட்டன. ஒலியில் அவை ஒன்றல்ல. படுக்கும் பாய் வல்லொலியுடன் தொடங்குகிறது. அழைக்கும் பாய் அதிர்ந்து தொடங்குகிறது. 'பாய் பாய் விற்கிறார்' என்று எவரேனும் சொல்லிப் பார்க்கட்டும். நாக்கும் உதடும் தாமே வேறுபடுத்தும். அன்று கடைசி வரிசையிலிருந்து வந்த குரலிலும் அவ்வதிர்வு இருந்தது. மொழியியல் பயின்ற நம் காதுதான் கேட்கத் தவறியது.

இன்னொன்றும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் தம் வீட்டில் உடன்பிறந்தானைப் பாய் என்று அழைப்பதில்லை. காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மூத்தவன் காக்கா; பிற ஊர்களில் அண்ணன். உருது பேசுவோர் வழக்கைக் கண்டு, பிறர் நம்மெல்லாரையும் சேர்த்து அழைக்கும் பெயர் அது. இதனை ஏளனம் என்று கொள்ள வேண்டுவதில்லை. நெல்லையில் கடைக்காரரை அண்ணாச்சி என்று அழைக்கிறோம். வெளியூர் சென்றால் நெல்லைக்காரர் எல்லாருமே அண்ணாச்சி ஆகிவிடுகின்றனர். உறவுமுறைச் சொல்லே அடையாளச் சொல்லாகிறது. ஆயினும், உறவுச்சொல் உறவாக ஒலிப்பதும் சுட்டிக்காட்டும் விரலாக ஒலிப்பதும் அழைப்பவர் குரலில் இருக்கிறது. அதனை எந்த அகராதியும் பதிவு செய்யவில்லை. அம்மாணவர் கேட்டது சொற்பிறப்பைப் பற்றி அன்று, அக்குரலைப் பற்றி என்பது நமக்குப் பின்னரே விளங்கியது.

இவற்றையெல்லாம் வகுப்பில் கூறி, நாம் முன்னர்க் கூறிய விடை பிழை என்பதையும் ஒப்புக்கொண்டோம். மாணவர் வருந்துவார் என்று எண்ணினோம். அவரோ, "அப்படியானால் ஐயா, அவர்கள் கூப்பிடுவதற்கும் எங்கள் உம்மா செய்யும் வேலைக்கும் தொடர்பில்லை அல்லவா?" என்று மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அவர் முகத்தில் கண்டது ஏமாற்றம் அன்று. தாயின் தொழில், பிறர் வாய்ச் சிரிப்பிலிருந்து தனியாகப் பிரிந்து, தன் பெயரில் நின்றதன் நிறைவு அது.

அடுத்த மாதம் அவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். கோரை அறுப்பது முதல் பாயின் ஓரம் கட்டுவது வரை தாயாரும் சிற்றன்னையரும் வழங்கும் சொற்களை அதில் எழுதியிருந்தார். படித்தபோது ஒன்று புலப்பட்டது. அவற்றுட் பல புதுச்சொற்களே அல்ல. போடு, அடி, வாங்கு, ஊறு, தள்ளு, இழு என நாம் அனைவரும் வழங்கும் எளிய வினைகள்தாம். தறிக்கு முன்னால் அவை ஒவ்வொன்றும் வேறு வேறு நுண்பொருள் கொள்கின்றன. 'பாவு போடு' என்பதிலுள்ள போடு, 'பாயைப் போடு' என்பதிலுள்ள போடு அன்று. முன்னது ஒரு நாள் வேலை. பின்னது ஒரு நொடி. ஆங்கிலத்தின் 'செட்' என்னும் சொல்லுக்கு 400-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தேடித் தொகுத்த உழைப்பை வியக்கும் நாம், நம் பக்கத்து ஊரின் 'போடு' எத்தனை பொருளில் வழங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. தமிழ்ப் பேரகராதியில் திருநெல்வேலி வழக்கு என்று குறியிட்ட சொற்கள் உள்ளன. அக்குறியிட்டவர்கள் யாரையோ கேட்டுத்தான் எழுதினார்கள்.

குறிப்பேட்டில் சில இடங்கள் வெற்றிடமாக விடப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது மாணவர் கூறியது நம்மைச் சிந்திக்க வைத்தது. அடுக்களையில் அமர்ந்து கேட்டால் உம்மாவுக்குச் சொற்கள் நினைவுக்கு வருவதில்லையாம். "என்னமோ சொல்லுவோம்" என்று விட்டுவிடுகிறாராம். தறியில் அமர்ந்து கை ஓடத் தொடங்கினால் சொல் தானாக வருகிறதாம். ஆனால் அவ்வீட்டில் தறி இப்போது எல்லா நாளும் ஓடுவதில்லை. பிளாஸ்டிக் பாய் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தெருவின் இளம்பெண்களுக்குப் பீடி சுற்றுவது வாரம் தவறாத கூலியைத் தருகிறது. கல்வி பெற்றவர்கள் வேறு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. தறி ஓடாத நாட்களில் அச்சொற்களும் ஓடுவதில்லை.

ஆதலின் எஞ்சியவற்றைக் கேட்டு எழுத, நம் துறை மாணவர்கள் சிலருடன் மீண்டும் பத்தமடை செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விழைவோர் துறையில் பெயர் தரலாம். நாள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆற்றில் ஊறும் கோரை எடுத்து உலர்த்தி வகிர்ந்தபின், பாவு போடும் நாளன்று வந்தால்தான் எல்லாச் சொல்லும் கிடைக்கும், அன்று காலையிலேயே வந்துவிடுங்கள் என்று மாணவரின் தாயார் சொல்லியனுப்பியிருக்கிறார்.